தகவல் தந்தவர்

எலும்பு டாக்டரின் அறையில் மூன்று நாற்காலிகள். ஓரத்தில் டாக்டர், எதிர் ஓரத்தில் நோயாளி, நடுவில் கம்ப்யூட்டருடன் டைப்பிங் அக்கா. டாக்டருக்குச் சுத்தியலைப் பிடிக்கத் தெரியும், ரம்பத்தைப் பிடிக்கத் தெரியும், கீபோர்டைக் கண்டால் மட்டும் விரல் மடங்காது. அவர் வாயால் சொல்ல, அவள் கையால் தட்ட, பல வருஷமாக அந்த அறை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் டோக்கன் கொடுப்பவர் முதல் பெரிய டாக்டர் வரை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்பார்கள். உண்மையிலேயே அப்படிக் கூப்பிட வேண்டிய ஒருத்திதான் கூப்பிடுவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

கம்ப்யூட்டரால் என்ன நல்லது என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த அறையில் வந்து உட்கார வேண்டும். முழங்கால் வலி என்று ஒரு தையல்காரர் வந்தார். டாக்டர் வழக்கமான வலி மாத்திரையைச் சொன்னார், அக்கா தட்டினாள், திரையின் தலையில் சிவப்புப் பட்டை ஒன்று விழுந்தது. இருதயப் பிரிவில் அந்த மனிதருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். ஏன் ஐயா இதைச் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, நெஞ்சுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை வந்து, நீங்கள் கொடுத்தது சுத்த வேஸ்ட், வலி அப்படியே இருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். உயிரோடு இருப்பவர்தானே சண்டை போட முடியும்.

கெட்டதும் அதே அறையில்தான் இருந்தது. நோயாளி டாக்டரைப் பார்த்துப் பேசுவார், டாக்டர் திரையைப் பார்த்துக் கேட்பார். ஒருமுறை ஒரு பெண் தன் மகன் வண்டியிலிருந்து விழுந்ததைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் திரையிடம் எத்தனை நாளாச்சு என்று கேட்டார். திரை பதில் சொல்லவில்லை. அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். அழுகைக்கு அந்தத் திரையில் கட்டம் கிடையாது.

கட்டம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. அதிலும் ஒவ்வாமை என்று ஒரு கட்டம் உண்டு. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. கேட்டால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் கத்தரிக்காயில் ஆரம்பிப்பார், ஒருவர் போன வருஷத்துச் சளியில் ஆரம்பிப்பார், எனக்கு என் சம்பந்திதான் ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். வெளியே வரிசை கதவை இடிக்கும். அதனால் அக்கா ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தாள். ஆள் உட்காரும் முன்பே "இல்லை" என்று தட்டிவிட வேண்டியது. இருந்தால் அவர்களே சொல்லப் போகிறார்கள், அப்போது மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரியின் எல்லாக் கவுண்டரிலும் இதுவே பழக்கமாகிவிட்டது. இதனால் ஒரு கெடுதலும் வந்ததாகத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை.

அக்காவுக்குப் புருஷன் இல்லை, சீக்கிரமே போய்விட்டார். பிள்ளையும் இல்லை. இருப்பது ஒரே ஒரு தங்கை. தங்கைக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பிடிக்காமல் போனது. காரணமே இல்லாமல் அழுகை வரும், குழந்தையைத் தூக்கக் கை வராது. யாருக்கும் தெரியாமல் மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். அக்காவிடம் மட்டும் சொன்னாள், வெளியே மூச்சு விடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அக்காவால் முடியவில்லை. மாமியார் வீட்டில் தங்கை மாடாய் உழைப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. ஒரு நாள் நேராக அந்த மாமியாரிடமே போய் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றாள். ஊர் வம்புக்காரி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று, அவளேதான் உங்களிடம் சொல்லச் சொன்னாள் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டாள். வினை அந்த ஒரு வார்த்தையில் வந்தது. சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு தங்கை அந்த வீட்டில் குரலை உயர்த்திய போதெல்லாம், இன்றைக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். நல்லது செய்யப் போனவள் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

தங்கை ஒரே ஒரு முறை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "நான் சொல்லச் சொன்னேன்னு சொன்னியாமே?" என்று கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். அதோடு போன் எடுப்பதும் நின்றது. அம்மா செத்த அன்றைக்கு ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள், பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாடு இருந்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் தூங்கிவிடுவாள். யாராவது சிரித்தால் கூடவே சிரிப்பாள், பிறகு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தால் ஞாபகம் வராது.

ஒரு நாள் மத்தியானம் வரிசை முடிந்த பிறகு, காலையில் வந்த ஒரு பெண்ணின் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா பெயரைத் தட்டினாள். அதே பெயரில் ஐந்து பேர் வந்தார்கள். அதில் நான்காவது ஆளின் பிறந்த தேதி அவளுக்குத் தெரிந்த தேதி. தங்கை பிறந்த அன்றைக்கு அவள்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பெயருக்குப் பக்கத்தில் இருந்தது: எதிர்க் கட்டடம், அறுவைப் பிரிவு, நாளை காலை ஆபரேஷன்.

டாக்டருக்கு எக்ஸ்ரேயைக் காட்டி அனுப்பிவிட்டு மறுபடி அந்தப் பெயரின் மேல் அழுத்தினாள். திரை தடுத்தது. இவர் உங்கள் பிரிவு நோயாளி அல்ல, திறப்பதற்கான காரணம் என்ன என்று கேட்டது. திறந்தவர் பெயர் பதிவாகும் என்றும் கீழே சொன்னது. அக்காவுக்குத் தெரியாத விதியா? எத்தனை பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "சிகிச்சை" என்று காரணம் போட்டுத் திறந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, தங்கை எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் திறந்தாள். வேறு எந்தப் புண்ணிய காரியத்துக்கும் இல்லை.

பித்தப்பையில் கல். வலி தாங்காமல் காலையில் வந்து சேர்ந்திருக்கிறாள். எடை குறைந்திருந்தது. பழைய மாத்திரை இப்போது இல்லை. உறவினர் கட்டத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. ஒவ்வாமை: இல்லை. ஆபரேஷனுக்கு முன் போட வேண்டிய ஊசி, பெனிசிலின் வகை.

அக்கா அந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை படித்தாள்.

தங்கைக்கு ஆறு வயதில் தொண்டைப் புண் வந்தது. அம்மா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாள். ஊசி போட்டுக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளுக்கு உதடு வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, பிறகு மூச்சு வரவில்லை. டாக்டர் ஓடி வந்து வேறு ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார். இனிமேல் ஆயுசுக்கும் பெனிசிலின் வேண்டாம் என்று அவர் சொன்னபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். காதில் வாங்கியது அக்காதான். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும், அவர் வாயைத் திறக்கும் முன் அம்மா ஊசி ஊசி என்று புலம்ப ஆரம்பிப்பாள், பெயர் மட்டும் வாயில் வராது, பெனிசிலின் என்று அக்கா எடுத்துக் கொடுப்பாள். தங்கைக்கு அதெல்லாம் அம்மாவின் வழக்கமான புலம்பல். அம்மா போனாள், புலம்பலும் போயிற்று.

வலியில் சுருண்டு வந்தவளிடம் கவுண்டரில் யார் கேட்டிருப்பார்கள்? ஆள் உட்காரும் முன்பே "இல்லை" என்று தட்டியிருப்பார்கள். அந்தப் பாடம் யார் நடத்தியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தங்கைக்குப் போன் போட்டாள். எப்போதும் போல ஒரு தடவை அடித்ததும் தங்கை துண்டித்துவிட்டாள். அப்புறம் அறுவைப் பிரிவுக்குப் போட்டாள். எடுத்த நர்ஸ் பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்து, இங்கே இல்லை என்றுதானே இருக்கிறது, நீங்கள் யார் பேசுகிறீர்கள் என்றாள். அக்கா, தெரிந்தவர் என்றாள்.

"தெரிஞ்சவங்க சொல்றதையெல்லாம் போட முடியாதும்மா. பேஷண்ட் சொல்லணும், இல்லாட்டி சொந்தக்காரங்க சொல்லணும்."

சொந்தக்காரங்க என்று கேட்ட பிறகும், அவளுடைய அக்கா என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நேரில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். நடுவில் ஒரு வராந்தாவும் இரண்டு லிஃப்டும்தான். கால் நகரவில்லை, அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய் நின்று, உன் ரெக்கார்டைத் திறந்து பார்த்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. தங்கை செத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கவும் முடியவில்லை. மனுஷிக்குக் கடைசியாக மிச்சமிருந்தது கீபோர்டு ஒன்றுதான்.

ஒவ்வாமைப் பக்கம் எல்லாப் பிரிவுக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். "இல்லை"யை எடுத்துவிட்டு, பெனிசிலின், கடுமையான எதிர்வினை, மூச்சுத் திணறல் என்று போட்டாள். சேமிக்கப் போனால் திரை இன்னொரு கட்டத்தை நீட்டியது. தகவல் தந்தவர் யார்? நோயாளி, உறவினர், பரிசோதனை என்று மூன்று வழி. உறவினரை அழுத்தினாள். கணவரின் பெயர் வந்து நின்றது. வேறு பெயரைப் போட முயன்றால், இவர் பட்டியலில் இல்லை என்றது. தங்கை தன் வாயால் சொன்னால்தான் ஒருவர் அந்தப் பட்டியலில் ஏற முடியும். அக்கா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு "நோயாளி" என்று தட்டிச் சேமித்தாள். திரையின் தலையில் சிவப்புப் பட்டை விழுந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் அந்தப் பட்டையைப் பார்த்து ஊசியை மாற்றினார். கல் வெளியே வந்தது. எலும்பு டாக்டரின் அறையில் அக்கா யாருக்கோ தோள்பட்டை, யாருக்கோ இடுப்பு என்று தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை பெயரை மட்டும் தேடினாள். தியேட்டர் என்று இருந்த இடத்தில் வார்டு என்று வந்திருந்தது. திறக்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

தங்கையை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பெருமையாகவே சொல்லியிருக்கிறாள். நல்லவேளை நீங்கள் பெனிசிலின் விஷயத்தைச் சொன்னீர்கள், இல்லாவிட்டால் பெரிய வம்பாகப் போயிருக்கும் என்று. நான் எதுவும் சொல்லவில்லையே என்றாள் தங்கை. சொன்னதாக இருக்கிறதே என்று நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். தன் ரெக்கார்டை யார் யார் திறந்தார்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்டாள், அச்செடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர்கள், நர்ஸுகள், கவுண்டர் பெண். எல்லாருக்கும் கீழே ஒரு டைப்பிஸ்ட், எலும்புப் பிரிவு. அந்தப் பெயரைப் பார்த்த பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. புகார் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பதிவுப் பிரிவு அதிகாரி சாதுவான மனிதர். இரண்டு பேரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். தங்கை வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

அதிகாரி கேட்டதற்கெல்லாம் அக்கா ஆமாம் என்றாள். திறந்தது நான்தான், எழுதியதும் நான்தான், விதி தெரியும். எழுதியது உண்மைதானா என்று கேட்டார். கிளினிக்கில் நடந்ததை ஒரு ரிப்போர்ட்டைப் போலச் சொன்னாள். தங்கையைப் பார்த்து, இது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றார் அதிகாரி. தங்கை அவருக்குப் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து அக்காவிடம் பேசினாள்.

"நான் சொல்லாததை நான் சொன்னேன்னு சொல்றது உனக்கென்ன புதுசா?"

 அதிகாரிக்குப் பின்கதை தெரியாது, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். உன் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மாமியாரிடம் போனதும் காப்பாற்றத்தானே. அதனால் சொல்லவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு விதியைச் சொன்னார். நோயாளி அன்றைக்கும் சொல்லாத, இப்போது கேட்டும் சொல்லாத விஷயத்தை நோயாளி சொன்னதாக வைத்திருக்க முடியாது, எடுத்துவிட வேண்டும். எடுத்தால் கட்டம் பழையபடி "இல்லை" ஆகிவிடும், அதுவும் ஆபத்து. ஒரு சுலபமான வழி இருக்கிறது. உறவினர் பட்டியலில் இவரைச் சேர்த்துவிட்டால், தகவல் தந்தவர் உறவினர் என்று மாற்றிக்கொள்ளலாம், ஒரு நிமிஷ வேலை. இப்படிச் சொல்லிவிட்டுத் திரையைத் தங்கையின் பக்கம் திருப்பினார். கணவர் பெயருக்குக் கீழே ஒரு காலிக் கட்டம் இருந்தது.

தங்கை அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அக்காவும் அதைத்தான் பார்த்தாள். அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேலை போனாலும் போகட்டும், அந்தக் கட்டத்தில் அவள் பெயர் ஏறினால் போதும்.

"வேற வழி இல்லையா சார்?"

இருக்கிறது என்றார் அதிகாரி தயங்கிக்கொண்டே. தோலில் அந்த மருந்தைத் துளி ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை. உடம்பு தேறியதும் வர வேண்டும். ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் கொஞ்சம் கஷ்டப்படுத்தும், துளியிலேயே மூச்சு முட்டியவர்களும் உண்டு.

"அதையே பண்ணிடுங்க" என்றாள் தங்கை.

அந்த மருந்தைத் தோலில் குத்திக்கொள்ளவும் தயார், அக்கா என்று எழுத மட்டும் தயாரில்லை. அதிகாரி வற்புறுத்தவில்லை. தங்கை எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தாள். அக்காவின் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. அதிகாரியிடம்தான் பேசினாள்.

"டெஸ்ட் அன்னைக்கு அவளைத் தனியா உக்கார வெக்காதீங்க சார். பக்கத்துல டாக்டர் இருக்கணும்."

சில வாரம் கழித்துப் பரிசோதனை நடந்தது. துளி ஏறிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்துச் சிவந்ததாம். டாக்டர் பக்கத்திலேயே இருந்தாராம். அதிகாரி வராந்தாவில் எதிர்ப்பட்டபோது சொன்னார், நீங்கள் சொன்னது சரிதான் அக்கா என்றும் சொன்னார். தங்கையின் ரெக்கார்டில் இப்போது பெனிசிலின் என்று இருக்கிறது. தகவல் தந்தவர்: பரிசோதனை. அக்கா எழுதிய வரி மேல் கோடு விழுந்துவிட்டது. இனி அந்த ஊசியை இந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவிலும் தங்கைக்குப் போட மாட்டார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு டீ வாங்கப் போனாள்.

வேலை போகவில்லை. எச்சரிக்கை கொடுத்தார்கள், எலும்புப் பிரிவைத் தாண்டி எதையும் திறக்க முடியாதபடி பூட்டினார்கள். அவள் இப்போது ஒவ்வொருவரிடமும் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். கத்தரிக்காய் வருகிறது, சம்பந்தி வருகிறார், அதற்குப் பிறகு சில சமயம் ஒரு மாத்திரையின் பெயரும் வருகிறது. வரிசை கதவை இடிக்கிறது. எலும்பு டாக்டர், உனக்கு என்ன ஆச்சு, இப்படி இழுக்கிறாய் என்று சலித்துக்கொள்கிறார். அவளுக்கு அது உறைப்பதில்லை.

வருஷா வருஷம் வேலை செய்பவர்களுக்கும் உடம்பைப் பார்ப்பார்கள். இந்தத் தடவை கவுண்டரில் இருந்தது அக்காவிடம் வேலை பழகிய பெண். பெயர், வயது எல்லாம் பழையபடி என்று தட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வாமைக்கு "இல்லை" தட்டினாள், கேட்கவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறவினர் என்ற இடத்தில் நிமிர்ந்து, தங்கச்சி என்று போட்டிருக்கிறதே அக்கா, அப்படியே இருக்கட்டுமா என்றாள்.

"இருக்கட்டும்."

இந்த வருஷத்திலிருந்து நம்பரைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கவுண்டர் போனை எடுத்து எண்களை அழுத்தினாள். வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நம்பர் அல்லவா, துண்டிக்கவில்லை. ஹலோ, யாரு என்ற குரல் கவுண்டருக்கு வெளியே நின்ற அக்காவுக்கே கேட்டது.

அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்மா. உங்க அக்காவோட ரெக்கார்டுல உங்க நம்பர் குடுத்திருக்காங்க. ஏதாவது அவசரம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடலாமா?"

 லைன் போய்விட்டதோ என்று அந்தப் பெண் போனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரல் வந்தது.

"நம்பர் சரிதான்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கவுண்டர் பெண் போனை வைத்துவிட்டுத் தட்டினாள். நம்பர் சரிபார்க்கப்பட்டது. தகவல் தந்தவர் என்ற கட்டம் வந்தது. யாரையும் கேட்காமல், இயல்பாக, "உறவினர்" என்று தட்டி அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அக்கா அங்கேயே நின்றாள். பின்னால் நின்றவர், முடிந்துவிட்டதா அக்கா என்று கேட்டார். முடிந்தது என்று சொல்லி அவருக்கு வழி விட்டாள்.